பொறுக்கி எடுத்த ஜல்லி

சதீஷ்,

நீ அடுத்த வாரம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாய் என்று உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கேயும் கட்டட வேலைதான், அதுவும் தரம் பார்க்கிற பிரிவில் என்று சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மழைக்கு முன்னால் நீ வீட்டை விட்டுப் போனாய், இப்போது பொங்கலும் முடிந்துவிட்டது. இதுவரை என் போனை நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ மட்டும்தான் இதைப் படிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு படித்தவர்கள், உன்னை மாதிரி சைட்டில் நிற்கிற பிள்ளைகள், யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் நடந்ததிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. பஸ்ஸில் போகும்போது என் ஸ்டாப் தாண்டிப் போய்விடுகிறது. லேப்பில் பேசிக்கொண்டே இருப்பேன், பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துபோகிறது. உன் மேல் கோபமா என்று உன் அப்பா கேட்கிறார். கோபம் வந்திருந்தால் இதற்குள் தீர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அந்த மூட்டை வந்த நாளிலிருந்து சொல்கிறேன். கட்டடச் சாமான்களைச் சோதிக்கிற எங்கள் லேப்புக்கு வருகிற ஜல்லி மூட்டைகளில் சைட்டின் பேர் இருக்காது, நம்பர்தான் இருக்கும் என்பது உனக்கே தெரியும். யாருடைய கல் என்று தெரியாமல் சோதிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அன்றைக்கு வந்த மூட்டையைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரித்துவிட்டு, தட்டைக் கல் பார்க்கிற இரும்புத் தகடை எடுத்து வைத்தேன். அந்தத் தகட்டில் நீளநீளமாக வெட்டு இருக்கும், ஒவ்வொரு அளவுக் கல்லுக்கும் ஒரு வெட்டு. ஒவ்வொரு கல்லாக எடுத்து அதில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்து கீழே விழுந்தால் அது தட்டை. நிற்கிறதென்றால் நல்ல கல். கல் உடைக்கிற எந்தக் கிரஷரிலிருந்து வந்தாலும், எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும், கொஞ்சமாவது விழும். அன்றைக்குக் கல்லே விழவில்லை. நான் விட்டுக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றும் வெட்டின் மேல் போய் நின்றது. எல்லாம் சதுரம் சதுரமாக, யாரோ உட்கார்ந்து செதுக்கி வைத்த மாதிரி. எனக்குச் சிரிப்புகூட வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது கிரஷர்ல விழுந்த கல்லு இல்லைங்க, யாரோ பொறுக்கி எடுத்த கல்லு" என்றேன். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, மரக்காணத்தில் கடலோரம் கட்டுகிற புயல் பாதுகாப்பு மையம் என்றார். புதிதாக சாம்பிள் எடுக்க வேண்டும், நம் ஆளே நேரில் போய் எடுக்கட்டும் என்று முடிவானது.

நீ மரக்காணம் பக்கம்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே போகிறேன் என்றேன். "என் பையன் சைட்டா இருந்தாலும் இருக்கும்" என்று மேனேஜரிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். கிரஷர்காரன் யாரோ உன்னை ஏமாற்றுகிறான், நல்ல கல்லை லேப்புக்கும் மோசமான கல்லை உன் சைட்டுக்கும் அனுப்புகிறான் என்றுதான் என் மனசுக்குள் ஓடியது. பையன் சின்னவன், விவரம் போதாது, போய் எச்சரிக்கை பண்ணிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். வானூரில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, வீட்டுக்குள் ஓடி, காலையில் வைத்த வஞ்சிரக் குழம்பை டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஜீப்பில் அது சாயாமல் இருக்க வழி முழுக்க மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சைட்டில் இறங்கியபோது உன்னைக் காணவில்லை. மேல்தளத்துக்கு சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் கான்கிரீட் போடப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். பின்பக்கம் ஜல்லிக் குவியல் இருக்கிறது என்றதும் நடந்து போனேன். குவியலின் நிழலில் தார்ப்பாயை விரித்துக்கொண்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அரிசியில் கல் பொறுக்குவோமே, அந்த மாதிரி அவர்கள் கல்லில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, நல்லதைச் சாக்கில் போட்டார்கள். மற்றதைப் பின்னால் எறிந்தார்கள். எறிந்ததுதான் அதிகமாக இருந்தது. அந்தச் சாக்கில் எங்கள் லேப்பின் நம்பர் சீட்டு தைத்திருந்தது. இன்னொரு மூட்டையும் தயாராகிக்கொண்டிருந்தது போல.

"என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அஞ்சலை என்று பேர், அந்த மீனவக் குப்பத்துக்காரர், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். உப்பளத்தில் வேலை இல்லாத நாளில் சித்தாளாக வருகிறாராம். "கட்டியா, சதுரமா இருக்கிறதா பொறுக்கச் சொன்னாருங்க. பிஸ்கட் மாதிரி இருக்கிறது வேணாமாம். லேப்புக்கு அனுப்பணுமாம். போன தபாவும் நாங்கதான் பொறுக்கிக் குடுத்தோம்" என்றார்.

"யாரு சொன்னது?"

"அதோ வர்றாரே, இன்ஜினியர் சார். சின்னவரு. நல்ல மாதிரிங்க."

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ வந்துகொண்டிருந்தாய்.

நம் வீடு கட்டும்போது நீ ஏழாவது படித்தாய். மேஸ்திரி ஒரு ஜன்னலைக் கொஞ்சம் சாய்வாக வைத்துவிட்டார் என்று, மாற்றினால்தான் சாப்பிடுவேன் என்று மணல் மேட்டில் உட்கார்ந்துகொண்டாய். உன் அப்பா அதட்டினார், நீ எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஜன்னலைக் கழற்றி நேராக வைத்தார். உன்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் அதைத்தான் சொல்வேன். அந்தப் பையன்தான் அங்கே நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் அந்தச் சாக்கு இருந்தது. கையில் குழம்பு டப்பா. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"நீ ஏம்மா வந்த? சொல்லிட்டு வந்திருக்கலாம்ல" என்றாய்.

"இது என்னடா?"

நீ அந்தப் பெண்களைப் பார்த்தாய். அவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாய். அவர்கள் போகும்வரை காத்திருந்தாய். பிறகுதான், "எல்லா சைட்லயும் நடக்கிறதுதாம்மா" என்றாய்.

"உன் சைட்ல ஏன் நடக்குது?"

"கல்லு நல்ல கல்லுதான். பலம் இருக்குது. ஷேப் மட்டும்தான் தட்டையா வருது. கிரஷர்ல பிளேட் தேஞ்சுபோச்சு, மாத்த நாளாவும்ங்கிறான். மழைக்கு முன்னாடி தளம் போட்டாவணும்னு கான்ட்ராக்டர் கம்பெனியில மேல இருந்து தினம் போன் வருது. நான் என்ன பண்றது?"

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. மேலே இருக்கிறவன் நெருக்கினால் வேலையில் புதிதாக இருக்கிறவன் என்ன செய்வான் என்று, பெற்றவளாக, அந்த நிமிஷம்கூட உனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. குரலைத் தாழ்த்தி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாய். "உன்னை ஒரு பொய்யும் சொல்ல வைக்கலையேம்மா. உன்கிட்ட வந்த கல்லுக்கு நீ சரியாத்தான டெஸ்ட் பண்ண. ரிப்போர்ட் நிஜம்தான. நாளைக்கு ஏதாச்சும் ஆனாலும் உன் மேல வராது. அதையும் யோசிச்சுத்தான் பண்ணேன்."

சதீஷ், அம்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று நீ உண்மையிலேயே நம்பினாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் வந்து "அம்மா, ஒரு கையெழுத்து போடு" என்று நீ கேட்டிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன், ஒருவேளை அறைந்திருப்பேன், அதோடு போயிருக்கும். நீ கேட்கவில்லை. நான் பொய் எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை வைத்தே வேலையை முடித்துக்கொண்டாய். என் நேர்மை உனக்கு ஒரு சாமானாகப் பயன்பட்டிருக்கிறது. பெற்ற பிள்ளை இப்படியும் யோசிப்பான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"இதுக்கு முன்னாடி வந்த மூட்டையெல்லாம்?" என்று கேட்டேன். அவற்றில் கொஞ்சம் தட்டைக் கல் இருந்ததே, சந்தேகமே வரவில்லையே என்று எனக்குக் குழப்பம். "அதுல சந்தேகம் வரக்கூடாதுன்னு நானே கொஞ்சம் கலந்தேன். இந்தத் தபா அவசரத்துல மறந்துட்டேன்" என்றாய். உன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வீட்டில் உப்பு வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்கிற குரல். அப்போதுதான் எனக்குத் தூண்கள் ஞாபகம் வந்தது. அந்த மூட்டைகளுக்கு வந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தானே கீழே இருக்கிற தூண்களை எழுப்பியிருக்கிறீர்கள்.

உள்ளே போனேன். நீ பின்னாலேயே வந்தாய், தடுக்கவில்லை. தூண்களின் அடிப்பக்கத்தில் சிமெண்ட்டுப் பால் பூசியிருந்தது, மற்ற இடத்தைவிட வெளுப்பாக. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சுரண்டினேன். அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தட்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன, நடுவில் வெறும் சந்து. தட்டைக் கல் அப்படித்தான் படுக்கும், அதன் அடியில் சிமெண்ட்டுக் கலவை போய்ச் சேராது. கலவை ஓடவில்லை என்று வேலையாட்கள் தண்ணீரை ஊற்றுவார்கள், அந்தத் தண்ணீர் வற்றின இடமும் ஓட்டையாகும். இதெல்லாம் நீ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினதுதான். அந்தச் சந்துக்குள் விரலை விட்டேன். விரல் முழுசாகப் போனது. நுனியில் கம்பி தட்டுப்பட்டது. வெளியே எடுத்தபோது விரலில் துருவின் நிறம். கட்டி முடிக்கவே இல்லை, அதற்குள் உப்புக்காற்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ தூண்களுக்கு நடுவே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே உப்பளம்தான் தெரிந்தது, வேறொன்றும் இல்லை.

டீ குடித்துவிட்டு வந்த அஞ்சலை, நான் தூணைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, "நல்லா கட்டுறாங்களாம்மா?" என்று கேட்டார். போன புயலில் பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்டில் போய்க் கிடந்ததாகச் சொன்னார். கூரைத் தகடு காற்றில் பிய்த்துக்கொண்டு போனதாம். "இனிமே எங்கயும் ஓட வேணாம். வீட்டுக்குப் பின்னாலயே வந்துடுச்சு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நாம் இருவரும் அவருக்கு முன்னால் அப்படி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகு குவியலில் அடியிலும் நடுவிலும் மேலும் எடுத்துக் கலந்து, முறைப்படி சாம்பிள் எடுத்தேன். மூட்டையை ஜீப்பில் ஏற்றும்போது உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கும். "தூணைப் பத்தி நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நீயே இந்த வேலையைப் பாக்கிற கவர்மெண்ட் டிபார்ட்மெண்ட் இன்ஜினியருக்குப் போன் போட்டுச் சொல்லிடு. காலையில கான்கிரீட் போடக் கூடாது." நீ "சரிம்மா" என்றாய். குழம்பு டப்பாவை உன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாய்.

லேப்பில் அந்த மூட்டையை நான் தொடவில்லை. என் பையன் சைட் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வேறொருவரைச் சோதிக்கச் சொன்னேன். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். தகட்டின் வெட்டு வழியாகக் கல் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. அனுமதித்த அளவையெல்லாம் எங்கேயோ தாண்டிவிட்டது என்று வந்து சொன்னார்கள். மறுநாள் காலை எழுந்ததும் உனக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். சைட் வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டால், மிக்ஸர் ஓட ஆரம்பித்துவிட்டது என்றார். அந்த இரைச்சல் போனிலேயே கேட்டது. நீ "சரிம்மா" என்று சொன்ன அந்த வார்த்தையை நான் ராத்திரி முழுக்க நம்பிக்கொண்டு படுத்திருந்தேன். அதுவும் பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம்தான் டிபார்ட்மெண்ட் இன்ஜினியருக்கு நானே பேசினேன். ஜல்லியைப் பற்றியும் சொன்னேன், தூணைப் பற்றியும் சொன்னேன். கேட்டவர் குறித்துக்கொண்டார். பிறகு, "சைட் இன்ஜினியர் உங்க பையன்தானம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

வேலையை நிறுத்தினார்கள். தூண்களைச் சோதித்து, இடிக்கச் சொன்னார்கள். உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். உன்னை நெருக்கின மேலாளர் இன்னொரு சைட்டில் இருப்பதாகக் கேள்வி. அது அநியாயம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ வந்து பையில் துணியை அடைத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, "சந்தோஷமா?" என்று என்னைக் கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். சந்தோஷம் இல்லை, சதீஷ். ஆனால் திரும்ப அந்தக் காலை வந்தால் திரும்பவும் அந்தப் போனைப் பேசுவேன்.

உன் அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. "பெத்த புள்ளையைக் காட்டிக் குடுத்துட்ட" என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் பம்பு செட் கடையைச் சாத்திவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மரக்காணம் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. இடிக்காமல் மிச்சமிருந்த தூணைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, சோறு போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல் தட்டையே பார்த்துக்கொண்டு, "கை உள்ள போவுதே" என்றார். அதற்கப்புறம் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை. இவ்வளவு நாள் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லையே. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே உன் மேஜைக்கும் மூட்டைகள் வரும். ஒவ்வொன்றும் எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று நீயே எழுந்து போய்ப் பார். உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடாதே. யாராவது உன்னை நெருக்கினால் வேலையை விட்டுவிட்டு வா. வீட்டில் சோறு இருக்கிறது. இதை உன்னிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நேரம் தோன்றும். சொல்லாமலே தெரியும் என்று நினைத்தேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன வாரம் புதுத் தூண்களுக்கு வந்த ஜல்லியில் சாம்பிள் எடுக்க மறுபடி அங்கே போனேன். வேறு கிரஷர், கல் நன்றாக இருக்கிறது. தூண்கள் பாதி உயரம் வந்துவிட்டன. அஞ்சலை சைட்டில் இல்லை. விசாரித்தேன், வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றார்கள். அவர் வீட்டைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"அந்த சார் உங்க புள்ளையாமே" என்றார்.

"ஆமாம்மா."

"ஊருல என்னைத்தான் கேக்குறாங்க. நீதான பொறுக்கிக் குடுத்த, கூட இருந்தே ஊரை ஏமாத்தினியேன்னு. எங்க வூட்டுக்காரரே கேட்டுட்டாரு. எனக்கு இன்னாங்க தெரியும்? கோயில் கட்டுற மாதிரி நெனச்சு, ஒவ்வொரு கல்லா பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையால தொட்டிருப்பேனா?"

தப்பு உங்களுடையது இல்லை, என் பையனுடையது என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா யாரு கேப்பாங்க? பெத்தவ, பாவம் பார்த்துச் சொல்றான்னுதான் நெனப்பாங்க. அவரு வந்து சொல்லட்டும்" என்றார். அழவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கான்ட்ராக்டர் நஷ்டப்பட்டான், உன் வேலை போனது, நம் வீட்டில் பேச்சு நின்றது. இதையெல்லாம் நான் யோசித்திருந்தேன். தூணை இடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். அந்தப் பெண்மேல் போய் இது விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றியிருக்காது.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், பேசவும் வேண்டாம். விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒருநாள் மரக்காணம் போய்விட்டு வா. உப்பளத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை ஆரம்பித்துவிட்டது, அஞ்சலை விடியும்போதே போய்விடுவார். மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார். நீ கட்டின இடத்துக்குப் பின்னால், வலை காயப்போடுகிற மணல்வெளியைத் தாண்டினால் பச்சைக் கதவு போட்ட வீடு. அவர் வீட்டுக்காரரும் படகிலிருந்து வந்திருப்பார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசாதே. அத்தனை பேர் முன்னால் சொல்.

அம்மா